தொட்டியில் தேங்கிய தண்ணீர்

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கிறோம். டிசம்பர் பிறந்துவிட்டால் இங்கே காற்றில் ஈரமே இருக்காது. ஏசியில் வெப்பக் காற்று வைத்துக்கொண்டு தூங்கினால் காலையில் உதடு வெடித்திருக்கும். திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குத் தொண்டை வறண்டு ராத்திரியெல்லாம் இருமல். அதற்காக வாங்கியதுதான் காற்றை ஈரமாக்கும் அந்த ஹியூமிடிஃபையர். தண்ணீரை அதிர்த்தே பனியாக்கும் அல்ட்ராசோனிக் வகை, சத்தம் கிடையாது, வெண்பனி மாதிரி மெல்லப் புகைந்துகொண்டே இருக்கும். அம்மாவும் நானும் ஒரே அறையில் படுத்தோம். தினமும் படுக்கும் முன் தண்ணீர் ஊற்றுவது அம்மா வேலை.

ஜனவரியில் எனக்குக் காய்ச்சல், வறட்டு இருமல். பக்கத்து கிளினிக்கில் கொரோனாவும் இல்லை, ஃப்ளூவும் இல்லை என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பகலில் தணியும், விடியற்காலை மூன்று மணிக்குக் குளிரெடுத்து உதறும். பத்தாம் நாள் ரயில் நிலையப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னடி, நாலு படிக்கே இப்படி மூச்சு வாங்குது?" என்று அம்மா பதறினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆக்சிஜன் அளவு 89. சி.டி.யில் நுரையீரல் முழுக்கப் பனி படிந்த கண்ணாடி போல வெளுத்துக் கிடந்தது. நிமோனியா என்று சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் போயிற்று, எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து வேலை செய்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அன்று ராத்திரி, "இன்னும் இருமுறியே கண்ணு" என்று அம்மா மெஷினைக் கூடுதலாகவே வைத்தாள். விடிவதற்குள் 38.7 டிகிரி. திரும்ப அதே ஆஸ்பத்திரி.

இந்த முறை பார்த்த இளம் டாக்டர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லாத எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேட்டார். பறவை வளர்க்கிறீர்களா, இறகு அடைத்த போர்வையா, குளியலறையில் பூஞ்சையா என்று ஒவ்வொன்றாக வந்தார். ஜப்பானின் பழைய மரவீடுகளில் ட்ரைக்கோஸ்போரான் என்ற பூஞ்சையால் இதே போன்ற நோய் வருமாம். ஆனால் அது கோடைக்காலத்து நோய். கடைசியாக, "ஹியூமிடிஃபையர் உண்டா? என்ன வகை?" என்றார். எந்த நேரத்தில் போடுவோம், எத்தனை மணிக்குக் காய்ச்சல் வரும் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பத்து மணிக்குப் போட்டால் ஐந்து மணி நேரம் கழித்துக் குளிர். ஒருநாள்கூடத் தவறவில்லை.

கணவர் வீட்டுக்குப் போய்த் தொட்டியைக் கழற்றிப் படமெடுத்து அனுப்பினார். மேலே தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. அடித்தட்டில் ஒரு சின்ன வட்டத் தகடு. அதைச் சுற்றி இளஞ்சிவப்பாக, விரல் வைத்தால் வழுக்கும் கொழகொழப்பு. தொட்டியைக் கழற்றித்தான் தண்ணீர் நிரப்புவோம். அந்த அடித்தட்டை ஒருநாளும் கழுவியதில்லை.

"கஷித்சுகி ஹாய்" என்றார் டாக்டர். ஹியூமிடிஃபையர் நுரையீரல் என்று அர்த்தம். கிருமி தொற்றி வருவதல்ல. தேங்கிய நீரில் வளரும் பாக்டீரியா, பூஞ்சை, அவற்றின் செத்த துணுக்குகள் எல்லாம் பனியோடு பனியாக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. சிலருடைய உடம்பு அதை எதிர்த்துக் கிளம்புகிறது. அதே காற்றைச் சுவாசித்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கொதிக்கவைத்து ஆவி விடும் மெஷின் என்றால் கிருமி பெரும்பாலும் சூட்டில் செத்துவிடும். எங்களுடையது தண்ணீரில் இருப்பதை அப்படியே தூவும்.

மனதை அறுத்தது இன்னொன்று. சுத்தமாக இருக்கட்டும் என்று அம்மா ஃபில்டர் தண்ணீர்தான் ஊற்றினாள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின்தான் கிருமியைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். ஃபில்டர் அதையும் எடுத்துவிடுகிறது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றவும், தினமும் கழுவவும் என்று கையேட்டில் ஜப்பானிய மொழியில் போட்டிருக்கிறது. நாங்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

உறுதி செய்ய மூச்சுக்குழாய் வழியே குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைப் பார்த்தார்கள். லிம்ஃபோசைட் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள் ஏகமாக இருந்தன. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்தபோது எச்சில் விழுங்க முடியாமல் நான் பட்ட பயம் இன்னும் போகவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து, படிப்படியாகக் குறைத்தார்கள். மெஷின் இல்லாத அறையில் ஒரு வாரத்தில் மூச்சு சீரானது.

தோழி ஒருத்தி, கிருமிநாசினி நாலு சொட்டு விட்டால் போதுமே என்றாள். டாக்டரிடம் கேட்டதும் முகம் மாறிவிட்டது. தென் கொரியாவில் 1994 முதல் ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலக்கவென்றே கிருமிநாசினி விற்றார்கள். 2011இல் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் அடுத்தடுத்து நுரையீரல் செயலிழந்து வந்தபோதுதான் அந்த மருந்தே காரணம் என்று தெரிந்தது. குழந்தைகளும் இறந்தார்கள். தயவுசெய்து அந்தத் தொட்டியில் மருந்து எதையும் கலந்து ஓட்டாதீர்கள். தேய்த்துக் கழுவி, அலசி, காயவையுங்கள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், வெளியூர் போனால் சரியாகி வீட்டுக்கு வந்ததும் திரும்பினால், டாக்டர் கேட்காவிட்டாலும் இந்த மெஷினைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்.

மார்ச் மாத சி.டி.யில் அந்த வெளுப்பு இல்லை. "நான்தானே தினமும் ஊத்துனேன்" என்று அம்மா அழுததை மட்டும் என்னால் ஆற்றவே முடியவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி, துவைத்த துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொடியில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் படுத்தாள்.