உரித்தெடுத்த தாளில் பேய் உருவங்கள்: டிகால்கோமேனியா செய்து பார்த்தேன்

விகாரமான உருவத்தை நேராக வரைய உட்கார்ந்தால் என் கை பழகிய தடத்திலேயே போகிறது. கோரைப்பல், பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு. வீட்டு வாசலில் மாட்டும் திருஷ்டி பொம்மைக்கு அது போதும். எனக்கு வேண்டியது, பார்ப்பவரை நெருங்கவும் விடாமல் விலகவும் விடாமல் நிறுத்தி வைக்கும் உடல். அதனால் இந்தத் தொடரில் பென்சிலைத் தள்ளி வைத்துவிட்டு, உருவத்தை முதலில் வண்ணமே கொண்டுவரட்டும் என்று இறங்கினேன்.

இந்த முறைக்குப் பெயர் டிகால்கோமேனியா. கண்ணாடியிலோ ஓஎச்பி ஷீட் எனும் ஒளி புகும் பிளாஸ்டிக் தாளிலோ வண்ணம் தடவி, மேலே தாளை வைத்து அமுக்கி, உரித்து எடுக்க வேண்டும். செய்முறை அவ்வளவுதான். ஸ்பானிய ஓவியர் ஆஸ்கர் டொமிங்கஸ் 1936 வாக்கில் கறுப்பு குவாஷில், அதாவது ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தில், இதைச் செய்தார். கனவையும் ஆழ்மனதையும் தேடிய சர்ரியலிஸ ஓவியர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான மாக்ஸ் எர்ன்ஸ்ட் இதை எண்ணெய் வண்ணத்துக்கு எடுத்துப்போனார்.

உரிக்கும்போது நடப்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது. தாள் எழும்பியதும் இடைவெளிக்குள் காற்று நுழைகிறது. கெட்டியான வண்ணத்தை மெல்லிய காற்று தள்ளும்போது எல்லை நேர்கோடாக நிற்காது, விரல் விரலாகப் பிளந்துகொண்டு போகும். திரவ ஓட்டத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் சாஃப்மன், டெய்லர் இருவரும் 1958இல் விளக்கிய நிகழ்வு இது. அந்த விரல்களுக்கு நடுவே ஒதுங்கிய வண்ணம்தான் நரம்பாக, வேராக, பவளமாகத் தாளில் நிற்கிறது. மெதுவாக உரித்தால் கிளைகள் தடிமன், வேகமாக உரித்தால் மயிரிழை. ஓர் ஓரத்திலிருந்து இழுத்தால் எல்லாம் ஒரே பக்கம் சாயும். இரண்டு ஓரங்களையும் ஒன்றாகத் தூக்கி நடுவில் கடைசியாகப் பிரித்தேன். முதுகெலும்பும் இருபுறமும் விலா எலும்புகளும் தாமாகவே வந்து நின்றன! எந்த உடற்கூறியல் பயிற்சியும் எனக்கு அப்படி ஒரு விலாவைக் கொடுத்ததில்லை.

வண்ணத்தின் பதம் முக்கியம். இந்தியன் இங்க் நீர்த்துப் போய் வெறும் கறையாகிறது. கேமல் போஸ்டர் கலரைக் கடைந்த தயிர் பதத்தில் கலந்தால் நரம்பு எழுகிறது. வெயில் காலத்தில் தாளை வைப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதால் சில சொட்டு கிளிசரின் சேர்க்கிறேன். தாள் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் மெல்லிய கிளைகளை விழுங்கிவிடுகிறது.

இனி கை வேலை. தற்செயலாக வந்ததைத் தொடவே கூடாது என்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உடல் தெரியும் இடத்தை மட்டும் விட்டு, சுற்றிலும் தட்டையான சாம்பல் பூசி மூடுகிறேன். ஆனால் இரண்டு கண்ணை வைத்துவிட்டால் போதும், உருவம் கார்ட்டூனாகிவிடுகிறது.

வழி காட்டியது கங்கைகொண்ட சோழபுரம். அங்கே ஆடும் நடராசர் சிற்பத்தில் காரைக்கால் அம்மையார் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். தம்மையே ‘காரைக்காற் பேய்’ என்று பாடியவர். வற்றிய உடல், ஆனால் அவர் முழுக்கப் பாட்டில் லயித்திருக்கிறார். பயமுறுத்தும் நோக்கமே அந்த உடலில் இல்லை. அதனால்தான் அது என்னை இத்தனை ஆழமாக உலுக்குகிறது என்று நம்புகிறேன்.

அதன்பின் கண் வரைவதையே விட்டேன். ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு பகுதியை மட்டும், பெரும்பாலும் ஒரு கையை, பொறுமையாக, அக்கறையோடு வரைகிறேன். எதையோ மென்மையாக ஏந்தியிருக்கும் கை. மற்றதெல்லாம் வண்ணம் பிய்ந்த விதத்திலேயே இருக்கிறது. இப்போது கைவசம் இருப்பவற்றில் வைத்துக்கொள்ளத் தகுந்தவை இவைதான். கோரைப்பல் வைத்து வரைந்த படங்கள் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது எண்ணெய் வண்ணம். காய நாளாகும் என்பதால், உரித்த பிறகும் துணியால் துடைத்து, மறுபடி அமுக்கி, இரண்டாவது முறை உரிக்க அவகாசம் கிடைக்கும். ஒரு நரம்புக்கட்டின் மேல் இன்னொன்று எதிர்த்திசையில் ஏறினால் அந்த விலா எலும்பு என்னவாகும் என்று பார்க்க வேண்டும்.