வால்பேப்பரை ஃபிரேம் போடப் போகிறீர்களா? பசையைத் தொடாதீர்கள்

இரண்டு வாரம், கடைக்கு மூன்று நடை, பாழாய்ப்போன மூன்று பலகை. ஒருவழியாக நேற்று சாயங்காலம் ஹாலில் மூன்று படமும் ஏறிவிட்டன. நான் பட்டதை வேறு யாரும் படக்கூடாது என்றுதான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

எங்களுடையது வாடகை வீடு. சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்று ஹவுஸ் ஓனர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். தாம்பரத்தில் அக்கா வீட்டுச் சுவருக்கு வாங்கிய வால்பேப்பரில் பாதி ரோல் மிச்சம் இருந்தது. கரும்பச்சையில் வெள்ளைக் கொக்குகள், அவ்வளவு அழகு. ஒரு ரோல் 21 இன்ச் அகலம், 33 அடி நீளம், அதாவது கிட்டத்தட்ட 57 சதுர அடி. என் கையில் இருந்தது பதினாறடிக்குச் சற்று மேல். சுவரில்தானே ஒட்டக்கூடாது, பலகையில் ஒட்டி ஃபிரேம் போட்டு மாட்டலாமே என்று தோன்றியது.

வெட்டியதில் பிரச்சினை இல்லை. புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், அடியில் பழைய தரை விரிப்பு, அவ்வளவுதான். பிளேடு மழுங்கியிருந்தால் மட்டும் மேலே இருக்கும் வினைல், அதாவது பிளாஸ்டிக் பூச்சு, பிசிறடிக்கும்.

சொதப்பியது ஒட்டும்போதுதான். மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைப் பலகை முழுக்கத் தடவி, மூன்றையும் ஒரே ராத்திரியில் ஒட்டிவிட்டேன். ஐப்பசி மழை வேறு. ஒட்டிய கால் மணி நேரத்தில் கொக்கின் கழுத்தடியில் முதல் கொப்புளம். விரலால் தள்ளினால் பக்கத்தில் இன்னொன்று. காலையில் எழுந்து பார்த்தால் கொப்புளம் அப்படியே இருக்க, பலகை மூன்றும் முறம் மாதிரி வளைந்து கிடந்தன. மேலே அரிசி டப்பாவை வைத்து ஒரு நாள் முழுக்க அழுத்திப் பார்த்தேன். எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி முறம்.

ஏன் இப்படி ஆனது என்று ஃபிரேம் கடை அண்ணன்தான் விளக்கினார். பசையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துக் காகிதம் விரியும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் இப்படி இழுத்தால் மெல்லிய பலகை வளையத்தான் செய்யும். சுவர் வளையாது, அதனால் அங்கே தெரிவதில்லை. அதோடு, முன்பக்கம் வினைல் என்றால் ஈரம் வெளியேறவும் வழியில்லை. சுவருக்கு ஒட்டுகிறவர்கள்கூட இந்த வகைக் காகிதத்தில் பசை தடவியதும் சில நிமிடம் மடித்து வைத்து, அது விரிந்து முடிந்த பிறகே ஒட்டுவார்களாம்.

“பசையே வேணாம்மா. பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போடுவீங்கல்ல, அதே மாதிரி பின்னாடி மடிச்சு டேப் போடுங்க” என்றார்.

அதேதான் செய்தேன். பலகையைவிட நான்கு பக்கமும் ஒன்றரை இன்ச் கூடுதலாக வெட்டி, இழுத்துப் பின்னால் மடித்து, அகல பிரவுன் டேப். முதலில் எதிரெதிர் பக்கங்கள், பிறகு மற்ற இரண்டு. மூலையில் மடிப்பு தடித்துவிடும், அதைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். ரோல் சுருண்டே கிடந்ததால் முந்தின ராத்திரி எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வைத்திருந்தேன். தோசைக்கல் மாதிரி சமமாக வந்தது. முதல் மூன்றும் வீணானதில் மிச்சம் ஒன்பதடிக்குள்தான் இருந்தது; பிடித்த கொக்கை எல்லாம் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து முதலில் ஒன்றை மட்டும் செய்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

அடுத்த அடி அளவில் விழுந்தது. ஃபிரேமுக்கு “18-க்கு 24 இன்ச்” என்று சொல்லிவிட்டு வந்தேன். கடையில் அது உள்ளே உட்காரும் பலகையின் அளவு. நான் நினைத்ததோ வெளி அளவு. ஒன்றரை இன்ச் பீடிங்கில் (ஃபிரேமின் ஓரச் சட்டம்) கால் இன்ச்தான் பலகையின் மேல் ஏறும், மீதி வெளியே. ஆக ஒரு ஃபிரேமின் அகலம் இருபதரை இன்ச், மூன்றும் சேர்ந்து அறுபத்தொன்றரை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் என் சுவர் சரியாக 60 இன்ச்! ஆட்டோவில் கொண்டுவந்து சுவரில் வைத்துப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது.

மறுபடி கடைக்கு. பெரிய ஃபிரேமைச் சின்னதாக்கலாம், சின்னதைத்தான் பெரிதாக்க முடியாது என்று அண்ணன் தைரியம் சொன்னார். உள் அளவை பதினைந்தரையாக்கி, மூலையை மறுபடி 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தார். கூலி மட்டும் வாங்கினார். பலகையையும் அங்கேயே குறைத்தோம். டேப்பைப் பிரித்து, கொக்கின் வால் போகாமல் இடது பக்கம் குறையும்படி நகர்த்தி மறுபடி மடித்தேன். ஒட்டியிருந்தால் இதற்கும் வழியே இருந்திருக்காது.

கண்ணாடி போடவில்லை. ரோல் லேபிளில் அலை மாதிரி கோடுகள் இருந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம் என்று அர்த்தம், என்னுடையதில் இருந்தது. கண்ணாடிதான் வேண்டும் என்றால் நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது ஓரமாகச் சுற்றி வரும் தடித்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி காகிதத்தில் நேராகப் படிந்தால் மழைக்காலத்தில் ஈரம் தங்கும்.

மாட்டுவதற்கு டிரில் போட வேண்டுமே என்ற பயத்தோடு ஓனர் அம்மாவைக் கூப்பிட்டு, மூன்றையும் சோபாவில் வரிசையாகச் சாய்த்து வைத்துக் காட்டினேன். கிட்டே வந்து ஒரு கொக்கைத் தடவிப் பார்த்தார். “மூணு ஓட்டைதானே, போட்டுக்கோ. காலி பண்ணும்போது அடைச்சுக் குடுத்துடு” என்றவர், போகும்போது வாசலில் நின்று திரும்பி, “மிச்சம் பேப்பர் இருக்கா?” என்று கேட்டார். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. அவருக்குச் சின்னதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், பசை இல்லாமல்.