மல் தீவிலிருந்து ஓபனுக்கு, சுற்று வழியில்

ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து பெருநிலத்திலுள்ள ஓபன் ஊருக்குக் கப்பலில் ஐம்பது நிமிடம்தான். எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆனது.

கிரெய்க்நூர் துறையில் காலைக் கப்பலுக்குக் காரோடு முன்பதிவு செய்திருந்தோம். காரோடு போகிறவர்கள் அரை மணி நேரம் முன்பே வரிசைக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரம் முன்பே ஆஜர். முன்னால் இரண்டு நாய்களோடு ஒரு வெள்ளை வேன். வாங்கிய டீ பாதி குடிப்பதற்குள் போனில் செய்தி வந்தது: காற்று காரணமாகக் கப்பல் ரத்து.

கடலைப் பார்த்தால் அப்படியொன்றும் கொந்தளிப்பில்லை. வேன்காரர் தீவுக்காரர், அவர்தான் விளக்கினார். கடலைக் கடப்பது பிரச்சினையே இல்லையாம். உயரமான கப்பல், பக்கவாட்டில் காற்று தள்ளும்போது துறையில் அணைவதுதான் பெரும்பாடாம். "அவசரமென்றால் ஃபிஷ்நிஷ் போங்கள். அங்கே முன்பதிவே கிடையாது" என்றார். அவர் மட்டும் நகரவில்லை. மதியத்துக்குள் காற்று அடங்கிவிடும் என்று சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார்.

ஃபிஷ்நிஷ் கால் மணி நேரத் தொலைவு. அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள லோகாலினுக்குச் சிறிய ஃபெரி ஓடுகிறது. முன்வாயைத் திறந்து சிமென்ட் சரிவில் பலகையை இறக்கினால், கார்கள் நேராக உள்ளே போய்விடும். இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனால் எங்களுக்கு வந்த யோசனை எல்லோருக்கும் வந்திருந்ததே! எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆனது.

லோகாலின் இருப்பது தீவில் அல்ல, மோர்வெர்ன் தீபகற்பத்தில். 'கரை சேர்ந்தாயிற்று' என்று நிம்மதிப்பட்டால் ஏமாந்துபோவீர்கள். அப்புறம் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலை. எதிரே யாராவது வந்தால் ஒதுங்குமிடம் வரை வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டியிருக்கும். வழிவிட்டவருக்குக் கை தூக்கி நன்றி சொல்வது இங்கே எழுதப்படாத விதி. பட்டாசுக்குச் சிவப்பு நிறம் தரும் ஸ்ட்ரான்ஷியத்துக்குப் பெயர் கொடுத்த ஸ்ட்ரான்ஷியன் ஊர் இந்த வழிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திரும்பிப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

லின்னி கடற்கழியின் குறுகலான இடத்தில், கோரனில், இரண்டாவது ஃபெரி. ஹைலேண்ட் கவுன்சில் நடத்துவது, ஐந்தே நிமிடம். இங்கும் முன்பதிவு இல்லை. அது ஓடாவிட்டால் ஈல் கழியைச் சுற்றி வர வேண்டும். அதனால் கிளம்புமுன் இரண்டு ஃபெரியும் ஓடுகிறதா என்று பாருங்கள், பெட்ரோலும் நிரப்பிக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. முள் அடிக்கோட்டைத் தொட்டபடிதான் கோரன் வந்து சேர்ந்தோம்.

பிறகு பாலகூலிஷ் பாலம் தாண்டித் தெற்கே ஓபன். சாயங்காலம் நான்கு மணிக்கு ஊருக்குள் நுழைந்தபோது காற்று சுத்தமாக அடங்கியிருந்தது. துறையில் கிரெய்க்நூர் கப்பல் வாய் திறந்து நின்றது. உள்ளேயிருந்து அந்த வெள்ளை வேன் மெதுவாக வெளியே வந்தது. நாய்கள் இரண்டும் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே போயின.