டோக்கியோவை இருளாக்க நினைத்த விவசாயி

நாஞ்சில் நாட்டில் நன்செய் வைத்திருக்கும் எவரிடம் பேச்சுக் கொடுத்தாலும், கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைந்த வயல்கள் மனைகளாகிப்போன கதையில்தான் அது வந்து நிற்கும். வாய்க்கால் கரையில் நின்று பார்த்தால் நாற்றுகளுக்கு நடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கல் தெரிகிறது; நகரம் நம்மை விழுங்குகிறது என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆகவேதான் தாச்சிபானா கோசபுரோ என்ற ஜப்பானியரை வெறும் தேசிய வெறியர் என்று சொல்லி எளிதில் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

1893இல் மீதோ நகரில் பிறந்த அவர், உயர்பதவிகளுக்கு நேர்வழியாக இருந்த டோக்கியோ கல்விக்கூடம் ஒன்றில் இடம்பிடித்து, படிப்பு முடியும் தறுவாயில் 1915இல் அதை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பி மண்வெட்டி பிடித்தார். டால்ஸ்டாயின் எழுத்தும், உழவர்களை வரைந்த மில்லேயின் ஓவியங்களும் அவரை அந்த வழியில் செலுத்தின. உடன்பிறந்தவர்களும் வந்து சேர்ந்துகொள்ள, அந்தப் பண்ணைக்குச் சகோதரர் கிராமம் என்றே பெயர் நிலைத்தது. அதுவரை அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

1929இல் அவர் உழவர்களுக்காக ஐக்கியோகாய் என்ற சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பட்டு விலையும் அரிசி விலையும் சேர்ந்து சரிந்தன. அமெரிக்கச் சந்தையை நம்பிப் பட்டுப்புழு வளர்த்த குடும்பங்களின் நிலை, ரப்பர் விலை இறங்கும்போது விளவங்கோட்டுச் சிறு விவசாயி படும் பாட்டைப் போன்றது என்றால் நம்மவர்களுக்குப் புரியும். கடனில் மூழ்கிய கிராமங்களைப் பார்த்த தாச்சிபானா, முதலாளியமும் மார்க்சியமும் நகரம் பெற்ற பிள்ளைகளே என்றும், பேரரசரின் கீழ் தன்னாட்சிக் கிராமங்களால் ஆன ஜப்பானே தீர்வு என்றும் போதித்தார். 1931இல் அதற்காகவே ஐக்கியோஜுகு என்ற பள்ளியையும் நிறுவினார்.

என் மனம் ஒப்பாத இடம் இதற்கு அடுத்தது. 1932 மே 15 அன்று இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமர் இனுகாய் த்சுயோஷியைச் சுட்டுக் கொன்றபோது, ஏர் பிடிக்கப் பழகிய தாச்சிபானாவின் மாணவர்கள் கையெறி குண்டுகளோடு டோக்கியோவைச் சுற்றியிருந்த துணைமின்நிலையங்களுக்குப் போனார்கள். நகரத்தைச் சில மணி நேரம் இருட்டாக்கினால் அதன் ஆணவம் அடங்கும் என்பது கணக்கு. சேதம் சொற்பம், விளக்குகள் அணையவில்லை. ஆசிரியர் அந்தக் களத்தில் இல்லை. சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவுக்குப் போயிருந்த அவர், ஜூலையில் அங்குள்ள ஹார்பின் நகரில் சரணடைந்தார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு விலகி நின்ற இதை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

சுட்ட கடற்படை அதிகாரிகளுக்கு அதிகபட்சம் 15 ஆண்டுச் சிறை. சாதாரண நீதிமன்றத்தில் நின்ற தாச்சிபானாவுக்கு 1934இல் ஆயுள் தண்டனை. சீருடைக்கு ஒரு நீதி, உழவனுக்கு ஒரு நீதி என்று அவர்மீது இரக்கப்படுவோர் உண்டு. நான் அந்த மாணவர்களை நினைத்தே இரக்கப்படுகிறேன். 1940இல் விடுதலையான அவர், 1974 வரை வாழ்ந்து, ஜப்பானியப் பேரரசர்களைப் பற்றிப் பெரிய பெரிய நூல்களை எழுதினார்.