வீட்டுச் சோப்புக்குக் கலக்கும் கருவி: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு, அடுப்பில் காய்ச்சாமல் குளிர்முறையில் சோப்பு செய்ய விரும்புகிறவர்கள் எண்ணெயின் தரத்தையும் வாசனையையும் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எதைக் கொண்டு கலக்குவது என்ற கேள்வி, பெரும்பாலும் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து வைத்த பிறகே எழுகிறது; அப்போது கைக்குக் கிடைக்கும் கரண்டியோ மிக்ஸி ஜாடியோ அந்த வேலைக்கு இழுத்துவரப்படுகிறது. எண்ணெய் வாங்குவதற்கு முன்பே கருவியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணெயும், காஸ்டிக் சோடா கரைந்த தண்ணீரான காரநீரும் தாமாக ஒன்றுசேர்வதில்லை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பில்தான் சோப்பு உண்டாகத் தொடங்குகிறது. கரண்டியால் கிளறும்போது துளிகள் பெரியனவாகவே இருந்துவிடுவதால் அந்தப் பரப்பு குறைவாகவும், கலப்பதை நிறுத்தியவுடன் எண்ணெய் மறுபடி மேலே பிரிந்துவிடுவதாகவும் இருக்கிறது. வேகமாகச் சுழலும் கத்தி அதே துளிகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உடைத்துச் சிதறடிப்பதால் பரப்பு பல மடங்கு பெருகுகிறது. முதலில் உண்டாகும் சிறிதளவு சோப்பே, துளிகள் பால்போலக் கலந்து நிற்கும் அந்தப் பால்மத்தைப் பிடித்துநிறுத்த உதவுவதால், அதன்பின் வேலை தானாகவே வேகம் பிடிக்கிறது. கையால் கிளறினால் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகக்கூடிய கலவை, கையில் பிடித்துப் பாத்திரத்துக்குள் இறக்கி ஓட்டும் ஹேண்ட் பிளெண்டரில் சில நிமிடங்களில் சேர்ந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். ஆலிவ் எண்ணெய் மட்டுமே கொண்டு செய்யும் சோப்பைக் கையால் கிளற முற்பட்டால் பல மணி நேரம்கூட ஆகலாம்.

கலவை நீர்த்த தோசை மாவின் பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து விழும் துளி மேற்பரப்பில் ஒரு நொடியாவது தடம் காட்டினால், இனிப் பிரியாது என்று பொருள். இதைத்தான் சோப்பு செய்கிறவர்கள் டிரேஸ் என்கிறார்கள். கலக்கும் கருவி நம்மை அங்கே கொண்டுசேர்க்க வேண்டும். அதைத் தாண்டி இழுத்துச் செல்லக் கூடாது.

வேகத்தைப் பார்ப்பதற்கு முன் உலோகத்தைப் பார்க்க வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை நுரைநுரையாக வெளியேற்றும். ஆகவே அலுமினியச் சட்டியும் கரண்டியும் இந்த வேலைக்கு அறவே ஆகாதவை. துத்தநாகம் பூசிய வாளிக்கும், ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்துக்கும் இதே விதிதான். செம்பும் இரும்பும் அப்படிக் கொதித்தெழா என்றாலும், அவற்றிலிருந்து கலவைக்குள் கலக்கும் சிறு அளவே எண்ணெய் சிக்குப்பிடிப்பதை விரைவுபடுத்தி, சில வாரங்களில் கட்டியின் மேல் ஆரஞ்சுநிறப் புள்ளிகளை உண்டாக்கிவிடும். எவர்சில்வர், சிலிக்கான், பாலிப்ரோப்பிலீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஆகிய மூன்றையும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். காந்தம் வைத்துப் பார்க்கும் கடைத்தெருச் சோதனை இங்கே உதவாது. நல்ல எவர்சில்வரிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது.

ஹேண்ட் பிளெண்டர், 1950இல் சுவிட்சர்லாந்தின் ரோஜர் பெரின்ஷாக்கே காப்புரிமை பெற்ற, சமையலுக்கென்றே உருவான கருவி. சூப்பையும் பருப்பையும் மசிப்பதற்காகச் செய்யப்படுவதால், காரநீரைத் தாங்குமா என்று வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கத்தி மட்டும் எவர்சில்வராக இருந்தால் போதாது. தண்டும், கத்தியைச் சுற்றியுள்ள குடைப்பகுதியும் எவர்சில்வராகவே இருப்பது நல்லது. பிளாஸ்டிக் தண்டுகள் எல்லாமே கெட்டவை என்று சொல்லமாட்டேன். ஆனால் கிராம்பு எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கை மங்கவைத்து விரிசல் விடச் செய்யும் என்பதால், நீண்ட நாள் உழைப்புக்கு அவற்றை நம்ப முடியாது. தண்டு மோட்டாரிலிருந்து கழன்று வரும் வகையாக இருந்தால் கழுவுவது எளிது. வீட்டளவு சோப்புக்கு 250 வாட் தாராளமாகப் போதும்; கூடுதல் வாட்டுக்குப் பணம் கொடுப்பதைவிட, வேகத்தைக் குறைத்துவைக்கும் வசதிக்குக் கொடுக்கலாம்.

பாத்திரத்தின் அகலத்தையும் கருவியோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு கிலோ எண்ணெயும் அதற்குரிய காரநீரும் சேர்ந்தால் ஏறக்குறைய 1.4 லிட்டர் வரும். 20 செ.மீ. அகலமுள்ள பாத்திரத்தில் அது நான்கரை செ.மீ. உயரமே நிற்கும், பிளெண்டரின் குடை முழுதாக மூழ்காமல் காற்றை உறிஞ்சும், காரக்கலவை முகத்தில் தெறிக்கவும் கூடும். 15 செ.மீ. அகலமும் மூன்று லிட்டர் கொள்ளளவும் உள்ள உயரமான பாத்திரமே இந்த அளவுக்கு ஏற்றது. கால் கிலோ எண்ணெயில் மட்டும் செய்து பார்க்கிறவர்களுக்கு, ஒன்பது செ.மீ. அகலமுள்ள உயரமான குவளை பொருத்தமாக இருக்கும்.

பிளெண்டரைச் சாய்த்து உள்ளே இறக்கி, குடைக்குள் சிக்கிய காற்றை மெல்லத் தட்டி வெளியேற்றிய பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து விநாடி ஓட்டி, நிறுத்தி, அணைந்த நிலையிலேயே அதைக் கரண்டியாகக் கொண்டு அரை நிமிடம் கிளறி, மறுபடி ஐந்து விநாடி ஓட்டுவது என் வழக்கம். இடைவிடாமல் ஓட்டினால் மோட்டார் சூடேறுவதோடு, பதம் எப்போது வந்தது என்பதே தெரியாமல் கலவை இறுகிவிடும். மார்கழிக் குளிரிலும் மலைப்பகுதியிலும் இன்னொரு கவனமும் வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்குவதால், சேராத கலவையும் குளிரில் கெட்டிப்பட்டுப் பதம் வந்ததுபோலத் தோற்றமளிக்கும். லேசாகச் சூடுகாட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

மிக்ஸியைப் பயன்படுத்தலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். வேண்டாம் என்பதே என் பதில். 500 முதல் 750 வாட் வரையிலான அதன் திறன் இந்த வேலைக்கு மிகையானது. மூடிய ஜாடிக்குள் பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சூடான கலவை மூடியைத் தள்ளிக்கொண்டு பீறிட்டால் கண்ணுக்கு ஆபத்து. கத்தியின் அடியிலுள்ள புஷ்ஷிலும் ரப்பர் வளையத்திலும் தங்கும் காரம் அடுத்த நாள் சட்னிக்குள் வரும். கேக் அடிக்கும் பீட்டர் காற்றை ஏற்றி நுரைக்கவைப்பதால், கட்டிக்குள் பொத்தல்கள் விழும். மர மத்தும் மர அகப்பையும் காரநீரை உறிஞ்சி நார் நாராகப் பிரியும்.

ஹேண்ட் பிளெண்டர் இருந்தாலும் கைக்கருவிகள் இல்லாமல் முடியாது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் தூவிக் கரைக்கும்போது சூடு 80 பாகையைத் தாண்டக்கூடும் என்பதால், அதற்கு நீண்ட காம்புள்ள எவர்சில்வர் கரண்டி வேண்டும். மெலிந்த தண்ணீர் பாட்டில்களை வெட்டி அதில் கரைப்பது கூடவே கூடாது. கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் சேர்ந்தவுடன் கலவையைச் சட்டென்று இறுக்கிவிடுபவை. அவற்றைச் சேர்ப்பதற்கு முன் பிளெண்டரை எடுத்துவிட்டு, முட்டை அடிக்கப் பயன்படும் கம்பி விஸ்கால் கலந்து உடனே அச்சில் ஊற்ற வேண்டும். கம்பிகள் கைப்பிடிக்குள் நுழையும் இடம் அடைக்கப்பட்ட விஸ்காகப் பார்த்து வாங்குங்கள். திறந்திருந்தால் அங்கே காரநீர் புகுந்து தங்கும். பாத்திரத்தின் ஓரங்களை வழிப்பதற்கு, காம்பும் தலையும் ஒரே வார்ப்பான சிலிக்கான் ஸ்பேட்டுலாவுக்கு இணையாக வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் கருவிகளில் ஒட்டியிருப்பது இன்னும் முழுமையாகச் சோப்பாகாத, தோலை எரிக்கும் கலவை. கையுறையைக் கழற்றாமல், பிளெண்டரின் இணைப்பைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டுச் செய்தித்தாளால் துடைத்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டால் மிச்சமும் சோப்பாகிவிடும். பிறகு வெந்நீர் போதும். மோட்டார்ப் பகுதியில் நீர் படக் கூடாது. கழுவிக் காயவைத்த கருவிகளைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாமல், சோப்புக்கென்று எழுதி ஒட்டிய தனி டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.