குறிகட்டுவானுக்கு அப்பாலும் நீளும் வீதி

வெள்ளவத்தையில், யாழ்ப்பாணத்துக்கான இரவுப் பேருந்துகளுக்கு ஆசனம் பதியும் நிலையமொன்றில் நான் பணியாற்றுகிறேன். மற்றவர்கள் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்பார்கள், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவைச் சேர்ந்தவர்கள் மட்டும், "தம்பி, விடிய எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்றே தொடங்குவார்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றரை ஓர் இரவில் கடந்துவிட்டாலும், யாழ்ப்பாணத்தில் 776ஆம் இலக்கப் பேருந்தில் ஏறிக் குறிகட்டுவான் படகுத்துறையை அடைவதற்குள் படகு போய்விட்டால், அடுத்த படகுவரை துறையிலேயே காத்திருக்க வேண்டும் என்பது அவர்களது கவலை.

இந்தக் கடற்பாதையின் வரலாற்றை அவர்களிடம் கேட்டுத்தான் அறிந்துகொண்டேன். கடலுக்குக் குறுக்கே போட்ட வீதியான பண்ணைத் தாம்போதி வேலணைத் தீவை யாழ்ப்பாணத்துடனும், வாணர் தாம்போதி புங்குடுதீவை வேலணையுடனும் இணைத்தபோது, தீவகத்தாரின் கடற்பயணம் துண்டு துண்டாகக் குறைந்தது. புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவானோடு வீதி நின்றுவிட, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே வழியாயிற்று. நயினாதீவுக்கான கடல் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரத்தை முதியவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துத் திரும்புவோருக்கு ஆசனம் பதியும்போது, பேருந்தின் குலுக்கலைவிடப் படகின் ஆட்டத்தையே அவர்களது பிள்ளைகள் அதிகம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பேச்சில் 'குமுதினி' என்ற படகு வராமல் இருப்பதில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் நினைவேந்தல் நடைபெறுகிறது. அதற்காக மே மாத நடுப்பகுதியில் ஊருக்குச் செல்வோரும் எங்களிடம் வருகிறார்கள். அதே படகு திருத்தப்பட்டு, அதே கடலில் மீண்டும் ஆட்களை ஏற்றி ஓடியது என்பதை முதன்முதலில் கேட்டபோது என்னால் ஏற்க முடியவில்லை. உறவினரை இழந்தவர்களும் மருந்துக்கும் பள்ளிக்கும் அதிலேயே ஏறவேண்டியிருந்தது, ஏனெனில் தீவில் வாழ்பவர்களுக்கு வேறு பாதை இருக்கவில்லை.

2017ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய உதவியுடன் 'நெடுந்தாரகை' என்ற படகு சேவைக்கு வந்தது. தனியார் படகுகளும் ஓடுகின்றன. குமுதினிப் படகு, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருப்பது மிகப் பொருத்தமானது என்று நான் கருதுகிறேன், ஏனெனில் அந்தக் கடல் நெடுந்தீவாரின் வீதியே. அப்படியானால் பேருந்து நேரமும் படகு நேரமும் ஒரே அட்டவணையில், கொழும்பிலேயே தெரியும்படி இருக்கவேண்டும். அது வரும்வரை, நெடுந்தீவு என்று சொல்பவருக்கு முதலில் புறப்படும் பேருந்திலேயே ஆசனம் ஒதுக்கி, காற்று எப்படியிருக்கிறது என்று ஊருக்கு ஒருமுறை கேட்டுவிட்டுப் புறப்படுமாறு சொல்லி அனுப்புகிறேன்.