ஐடஹோ பொதுநிலத்தில் மார்மட் வேட்டை: நான் திட்டமிட்ட விதம்

தொலைவிலிருந்து மார்மட் (வளையில் வாழும் பெரிய தரை அணில்) சுடப் போக வேண்டும் என்று என்னிடம் விசாரிக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றுதான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரில் பணி விசாவில் வசிக்கும் எனக்கு அதற்கும் முன்னதாக வேறொரு கேள்வி இருந்தது. எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் ஒரு மாநிலம் முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உள்ளவருக்கு அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. ஆகவே முதலில் பயிற்சி, பிறகு உரிமம், அதன் பின்னரே கடை என்பதே எனக்குரிய வரிசையாக அமைந்தது. 1975 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் ஐடஹோவில் உரிமம் பெற வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அது கடினமான பாடமன்று. ஓராண்டு உரிமம் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும் என்பதையே விசாவில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது வெறும் புதுப்பித்தல். நமக்கோ வீட்டில் துப்பாக்கி இருப்பதற்கான சட்ட ஆதாரமே அதுதான்.

இங்குள்ளவர்கள் ராக்சக் என்று அழைக்கும் மஞ்சள் வயிற்று மார்மட், லடாக்கில் காணப்படும் இமாலய மார்மட்டின் உறவினம். ஐடஹோவில் அதற்கு வேட்டைப் பருவமோ எண்ணிக்கை வரம்போ கிடையாது. உரிமம் மட்டும் வேண்டும். பக்கத்திலுள்ள மாநிலங்களிலும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கொலராடோவில் அது சிறு வேட்டை விலங்காக வகைப்படுத்தப்பட்டுள்ளதால், குறுகிய பருவமும் நாள் வரம்பும் உண்டு. தென்மேற்கு ஐடஹோவின் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் குளிர்காலம் முடியும் தறுவாயிலேயே இவை வளையை விட்டு வெளிவந்துவிடுகின்றன; கோடை முற்றிப் புல் காய்ந்ததும் மீண்டும் நிலத்தடிக்குப் போய்விடுகின்றன. ஆகஸ்டில் விடுமுறை எடுத்துக்கொண்டு வருபவருக்கு வெறும் பாறைதான் மிஞ்சும். புல் உயர்ந்து பார்வையை மறைப்பதற்கு முன்பும், பாதைகள் ஓரளவு உலர்ந்த பின்பும் அமைவதால் ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையிலான நாட்களையே நான் தேர்ந்துகொள்கிறேன். அப்பகுதியிலுள்ள ஒவைஹீ மலைநாட்டின் ஈரமான களிமண் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியையும் அச்சுவரை விழுங்கிவிடும் என்பதால், முந்தைய இரு நாட்களில் மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே உத்தமம்.

திட்டமிடலில் அதிக நேரம் வாங்கியது வரைபடம்தான். பொதுநிலங்களை நிர்வகிக்கும் கூட்டாட்சி நில மேலாண்மைப் பணியகத்தின் வரைபடங்களில் அதன் நிலம் மஞ்சளாகவும், வனத்துறை நிலம் பச்சையாகவும், மாநில நிலம் இளநீலமாகவும், தனியார் நிலம் வெள்ளையாகவும் இருக்கும். ஐடஹோ 1890இல் மாநிலமானபோது 36 பிரிவுகள் கொண்ட ஒவ்வொரு நிலஅளவைச் சதுரத்திலும் 16ஆம், 36ஆம் பிரிவுகள் பள்ளிகளின் வருவாய்க்காக அதற்கு வழங்கப்பட்டன. மஞ்சளுக்கு நடுவே ஆங்காங்கே தெரியும் நீலக் கட்டங்கள் அதன் எச்சம். பண்ணை வீடுகளும் நீர்நிலைகளும் இருக்கும் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கிறது. மார்மட்டுகள் விரும்புவதோ அந்தப் பசும்புல்லையும் அதையொட்டிய பாறைச் சரிவையும்தான். எனவே சரிவு பொதுநிலமாக இருந்தாலும், நான் நிற்கும் இடம், விலங்கு இருக்கும் இடம், தோட்டா தவறினால் போய்ச்சேரும் இடம் ஆகிய மூன்றும் மஞ்சளுக்குள் அடங்குகின்றனவா என்று ஒவ்வோர் இடத்துக்கும் கோடு வரைந்து பார்த்தேன். வீட்டில் இருந்தபடி குறித்து வைத்த இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு சோதனையிலேயே அடிபட்டுப்போயின.

இரு பொதுநிலக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டும்போது பக்கத்துத் தனியார் நிலத்துக்கு மேலாகக் கடக்க நேரிடும். வயோமிங்கில் அவ்வாறு மூலை தாண்டிய வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாகப் பத்தாவது வட்டத்தின் (பல மாநிலங்கள் அடங்கிய கூட்டாட்சி நீதிப் பகுதி) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஐடஹோ ஒன்பதாவது வட்டத்தைச் சேர்ந்தது என்பதால் அத்தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஐடஹோவின் அத்துமீறல் சட்டமும் 2018இல் கடுமையாக்கப்பட்டுவிட்டது. ஆகவே மூலைகளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாய்சிக்குத் தெற்கே, 1993இல் நிறுவப்பட்ட மார்லி நெல்சன் பாம்பாற்று வேட்டைப்பறவைகள் காப்புப் பகுதியையும் ஒதுக்கினேன். அது பணியகத்தின் நிலமே என்றாலும், ஆற்றுப் பள்ளத்தாக்கையொட்டிய ஒரு பகுதியில் ரைஃபிள் சுடுவதற்குத் தடை உண்டு. மேலும், கூடு கட்டும் பருவத்தில் கழுகுகளுக்கு நடுவே வெடிச் சத்தம் எழுப்பிக்கொண்டிருப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது தூரம். ஆறு மில்லிமீட்டர் கிரீட்மூர் என்னும் தொலைதூர வகைத் தோட்டா எண்ணூறு கெஜம் தாண்டியும் துல்லியமாகப் போகும் என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை; ஆனால் அது துப்பாக்கியின் வரம்பே தவிர என்னுடையதன்று. குறியின் துல்லியத்தை அளக்கும் ஒரு பாகைத்துளி (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது நானூறு கெஜத்தில் ஏறத்தாழ 4.2 அங்குலம், மார்மட்டின் உயிர்நிலை உறுப்புகள் அடங்கிய பகுதியும் அதைவிட அதிகப் பெரிதில்லை. காற்றின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டாலும் தோட்டா வயிற்றில் பட்டுவிடும். அப்படிக் காயம்பட்ட விலங்கு வளைக்குள் புகுந்துவிட்டால், அதைத் தோண்டி எடுத்து வேதனையை முடித்துவைக்க வழியே இல்லை. ஆகவே, குளிர்ந்த குழலிலிருந்து கிளம்பும் முதல் தோட்டா, படுத்த நிலையில், உள்ளங்கை அளவுள்ள இரும்புத் தகட்டில் எந்தத் தூரம் வரை தவறாமல் படுகிறதோ அதையே என் எல்லையாக வைத்துக்கொண்டேன். காற்றடங்கிய காலையில் அது முந்நூற்றைம்பது கெஜம். புல் சாயும் அளவுக்குக் காற்று எழுந்தால் இருநூற்றைம்பது. இதைக் கேட்டுச் சிரித்த நண்பர்களும் உண்டு.

ஏறத்தாழ 2,700 அடி உயரத்திலுள்ள பாய்சியில் சரிபார்த்த, தூரத்துக்கேற்பத் தோட்டா எவ்வளவு தாழும் என்று காட்டும் அட்டவணை, 5,000 அடிக்கு மேலான பீடபூமியின் மெல்லிய காற்றில் அப்படியே பொருந்தாது. தோட்டாவின் வேகத்தைக் கருவியால் அளந்து, அங்குள்ள காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் கணிப்புச் செயலியில் இட்டு, புதிய அட்டவணையைத் தாளில் எழுதிக் குழலருகே ஒட்டிக்கொண்டேன். அந்தப் பள்ளத்தாக்குகளில் கைபேசியை நம்ப முடியாது. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பாறை உச்சியில் நிற்கும் மார்மட்டை எவ்வளவு அருகில் இருந்தாலும் சுடுவதில்லை. அரசு பராமரிக்கும் சாலையிலிருந்தோ அதன் குறுக்காகவோ சுடுவதும் சட்டவிரோதம் என்பதால், வண்டியை விட்டுவிட்டு நடந்து போய்ப் படுப்பதற்கான இடங்களையும் முன்கூட்டியே குறித்திருந்தேன்.

வேலிக்குள் லூசர்ன் (குதிரை மசால்) பயிரிடும் விவசாயிக்கு மார்மட் தொல்லையாக இருக்கலாம். பொதுநிலப் பாறையில் அது யாருக்கும் தொல்லையில்லை. அங்கே சுடுபவர் அந்த வாதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நான் சுட்டதைச் சமைத்து உண்கிறேன். தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் இருக்கும் என்பதால் கையுறை கட்டாயம்; 2015இல் பாய்சிக்குத் தென்கிழக்கே தரை அணில்களிடம் பிளேக் கண்டறியப்பட்டது. முன்னங்கால்களின் அடியிலுள்ள சுரப்பிகளையும் வாடையடிக்கும் கொழுப்பையும் நீக்கிவிட்டு, இஞ்சியும் மிளகும் தாராளமாகச் சேர்த்துக் குக்கரில் வேகவைத்தால், இளம் மார்மட்டின் இறைச்சி நன்றாகவே இருக்கிறது.

இன்னும் முழுதாகத் தீராதது தோட்டாவின் உலோகம். சிதறும் ஈயத் தோட்டா பாறையில் பட்டுத் தெறிப்பது குறைவு. ஆனால் ஈயத் துகள்கள் கிடக்கும் சடலத்தைத் தின்னும் கழுகுக்கும் அண்டங்காக்கைக்கும் அது நஞ்சு. செப்புத் தோட்டாவில் அந்த நஞ்சு இல்லை. உடையாமல் பாறையில் பட்டுத் தெறிப்பதோ அதிகம். இப்போதைக்குச் செப்பையே பயன்படுத்தி, மண்சரிவு பின்னணியாக உள்ள விலங்கை மட்டும் குறிவைக்கிறேன். பாறைக் குவியலில் அமர்ந்திருப்பவை எவ்வளவு அருகில் இருந்தாலும் தொலைநோக்கியோடு சரி.